பீனிக்ஸில் முதல் வருடம்: ஒரே நாளில் போய்வர எங்கே, எப்போது, எப்படி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸுக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்கள் பெட்டியைப் பிரித்து முடிக்கும் முன்பே, "இங்கே மணலையும் வெயிலையும் தவிர பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிடுவார்கள். நான் பீனிக்ஸை ஒட்டிய சான்ட்லரில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். இங்குள்ள சிப் தொழிற்சாலைகளை நம்பி வரும் நம்மவர்கள் பலரிடம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன், பலரைக் கூடவே அழைத்தும் போயிருக்கிறேன். இந்த ஊரைச் சுற்றி ஒரு பகலுக்குள் பார்த்துவிட்டு வீடு திரும்பக்கூடிய இடங்கள் ஏராளம். ஆனால் தவறான மாதத்தில் தவறான இடத்துக்குப் போனால் அழகு கண்ணில் படாது, சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் இடங்களுக்கு முன்னால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

தூரத்தை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள்

பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. வடக்கே 145 மைல் தள்ளி இருக்கும் பிளாக்ஸ்டாஃப் 7,000 அடி. ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறையும். ஜூலையில் சான்ட்லரில் 108 டிகிரி அடிக்கும்போது பிளாக்ஸ்டாஃபில் பைன் மரத்தடியில் 82 டிகிரியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அதே பிளாக்ஸ்டாஃபில் ஜனவரியில் முழங்கால் அளவு பனி கிடக்கும், அன்று நீங்கள் சான்ட்லரில் அரைக்கைச் சட்டையோடு நடந்துகொண்டிருப்பீர்கள்.

ஆகவே திட்டம் இப்படி. நவம்பர் முதல் மார்ச் வரை தாழ்வான பாலைவனம்: சூப்பர்ஸ்டிஷன் மலைகள், காசா கிராண்டே, டூசான். ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடுத்தர உயரம்: 4,300 அடியில் செடோனா, 4,500 அடியில் டோன்டோ இயற்கைப் பாலம். மே முதல் செப்டம்பர் வரை 7,000 அடிக்கு மேல்: பிளாக்ஸ்டாஃப், மகியோன் மலைவிளிம்பு, டூசானுக்கு மேலே மவுண்ட் லெமன். கோடையில் தாழ்வான இடத்துக்குத்தான் போகவேண்டும் என்றால் சூரிய உதயத்தில் ஆரம்பித்து எட்டு மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள்.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023-ல் ஜூன் கடைசியிலிருந்து தொடர்ந்து 31 நாட்கள் இங்கே பகல் உச்ச வெப்பம் 110 டிகிரிக்குக் குறையவே இல்லை. அது 43 செல்சியஸ். "சென்னை வெயிலைப் பார்த்தவன் நான்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சென்னையில் வியர்வை சட்டையில் ஒட்டி நம்மை எச்சரிக்கும். இங்கே காற்று காய்ந்திருப்பதால் வியர்வை வந்த சுவடே தெரியாமல் ஆவியாகிவிடுகிறது. உடம்பிலிருந்து லிட்டர் கணக்கில் தண்ணீர் போயிருக்கும், தோல் மட்டும் உலர்ந்தே இருக்கும். தலைவலியும் குமட்டலும் வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு

தண்ணீரை எண்ணி எடுங்கள். நடைபாதையில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் மணிக்கு ஒரு லிட்டர், அது போக வண்டியில் ஒரு கேலன் கேன் எப்போதும் கிடக்கட்டும். கையிலிருக்கும் தண்ணீரில் பாதி தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும் திரும்ப வேண்டும். இந்த ஒரு விதியைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், அவர்களே நமக்கு நினைவூட்டுவார்கள்.

வெறும் தண்ணீர் போதாது, உப்பும் உள்ளே போகவேண்டும். கடையில் விற்கும் பானப் பொடிகள் நல்லவைதான். ஆனால் நான் எடுத்துப்போவது உப்புப் போட்ட மோர், தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். கூலரில் ஐஸ் போட்டு வைத்தால் மாலைவரை கெடாது. புளியோதரைக்குக் கூலர்கூடத் தேவையில்லை. சைவச் சாப்பாட்டுக்காக வழியோரக் கடைகளில் அலைவதும் மிச்சம்.

வண்டியில் டயர் காற்று, குளிர்விப்பான் திரவம், பேட்டரி மூன்றையும் பாருங்கள். இந்த வெப்பத்தில் பேட்டரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்குவது அரிது. ஐ-17 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறும்போது "ஏசியை அணைக்கவும்" என்று பலகை வரும். நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துவிடாமல் இருக்கத்தான் அது. பழைய வண்டி என்றால் கட்டாயம் கேளுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலைச்சாலைகளில் போன் சிக்னல் அடியோடு போய்விடும். எந்தப் பாதையில் நடக்கப்போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரிலிருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, பையில் ஒரு சீப்பு போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பல் சீப்பு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை: சவுத் மவுண்டன்

வந்த வாரத்திலேயே, எந்த மாதமானாலும், மாலையில் சவுத் மவுண்டன் பூங்காவுக்குப் போய்விடுங்கள். நகர எல்லைக்குள்ளேயே 16,000 ஏக்கருக்கு மேல் மலையும் பாலைவனமும். காரிலேயே டாபின்ஸ் காட்சிமேடை வரை ஏறலாம். 2,330 அடி உயரத்தில் 1930-களில் கட்டிய கல் மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கே நின்றால் நகரம் முழுக்க ஒரு தட்டில் வைத்தது போலத் தெரியும். விமான நிலையம், தனித்து நிற்கும் கேமல்பேக் மலை, தூரத்தில் கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைகள். நீங்கள் எங்கே வந்து குடியேறியிருக்கிறீர்கள் என்பது அங்கேதான் புரியும். மாதத்தின் நான்காவது ஞாயிறு மட்டும் மேலே போகும் சாலையைக் கார்களுக்கு மூடிவிடுவார்கள்.

கேமல்பேக் உச்சிக்கு ஏறவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். 2,704 அடிதானே என்று நினைத்துப் போகிறார்கள். பாதை செங்குத்து, பல இடங்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் ஏறவேண்டும். தீயணைப்புத் துறை அங்கிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கிறது. கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் நகராட்சி இதையும் பியஸ்டேவா உச்சிப் பாதையையும் பகலில் மூடிவிடுகிறது. குளிர்காலத்தில், நாலைந்து எளிய பாதைகள் நடந்து பழகிய பிறகு போங்கள்.

கிழக்கே: இந்த ஊரின் உண்மையான முகம்

எனக்கு ஒரே ஒரு நாள்தான் கொடுத்து ஊரைக் காட்டச் சொன்னால் கிழக்கேதான் அழைத்துப் போவேன். யூஎஸ் 60-ல் அப்பாச்சி ஜங்ஷன் வரை வந்து, மாநிலச் சாலை 88-ல் திரும்புங்கள். இதுதான் அப்பாச்சி டிரெய்ல். 1911-ல் முடிந்த ரூஸ்வெல்ட் அணையைக் கட்டச் சாமான் கொண்டுபோகப் போட்ட பாதை.

முதலில் லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்கா. ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மன்காரர் இந்த மலைக்குள் தங்கச் சுரங்கம் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு 1891-ல் செத்துப்போனார் என்பது கதை. அதைத் தேடிப்போன பலர் திரும்பவில்லை. புதியவர்களுக்கு 'டிரெஷர் லூப்' பாதை போதும், இரண்டரை மைலுக்குள் முடிந்துவிடும். மேலே தட்டையாகத் தெரியும் 'ஃபிளாட்அயர்ன்' பாறைக்கு ஏறுவது முழுநாள் வேலை, முதல் வருடத்தில் வேண்டாம். மலையின் சுவர் மேற்கு நோக்கி நிற்பதால் மாலை வெயிலில் சிவந்து எரியும். படம் எடுப்பவர்கள் காலையில் போய் ஏமாறாதீர்கள்.

இங்கேதான் சவாரோவைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். எழுத்தில் 'சகுவாரோ' மாதிரி இருந்தாலும் ஊரில் சவாரோ என்றுதான் சொல்வார்கள். சோனோரன் பாலைவனத்தில் மட்டுமே வளரும் கள்ளி. முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம்கூட வளராமல் இருக்கலாம். முதல் கை முளைக்க ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். கையோடு நிற்கும் எந்தச் சவாரோவும் பெரும்பாலும் உங்கள் அப்பாவைவிட மூத்தது. தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகளை நன்றாகப் பாருங்கள். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து அந்த மடிப்பு விரியும், வறட்சியில் சுருங்கும். ஜனவரியில் ஒன்றையும் ஜூனில் அதையே மறுபடியும் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சின்னக் கன்றுகள் வெட்டவெளியில் பிழைப்பதில்லை, பச்சைத் தண்டுள்ள பாலோ வெர்டே மரத்தின் நிழலில்தான் வளரும். வளர்ந்த பிறகு மரம் பட்டுப்போகும், கள்ளி நிற்கும். வெட்டுவதும் பிடுங்குவதும் குற்றம்.

தொடர்ந்து போனால் கீழே நீலமாகக் கேன்யன் ஏரி தெரியும், ஒருவழிப் பாலங்கள் சில வரும், பிறகு டார்ட்டில்லா ஃபிளாட். ஜனத்தொகை ஆறு என்று பலகை மாட்டியிருக்கும் பழைய குதிரைவண்டி நிறுத்தம். சுவர் முழுக்க டாலர் நோட்டு ஒட்டிய உணவகம், உட்காரக் குதிரைச் சேணம். பக்கத்துக் கடையில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் செய்த ஐஸ்கிரீம் கிடைக்கும். கரிசல்காட்டில் சின்ன வயதில் அந்தப் பழத்தைத் தின்று வாயெல்லாம் சிவந்து திரிந்தவர்கள் கட்டாயம் வாங்கிச் சாப்பிடுங்கள். தார்ச்சாலை அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும். மண்சாலையில் சாதாரணக் காரோடு இறங்காதீர்கள், அங்கே திரும்பிவிடுங்கள்.

சீப்பு எதற்கு

மேலே சொன்ன லாஸ்ட் டச்மேன் பூங்காவில்தான் நடந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பாதையோரம் பஞ்சு உருண்டை மாதிரி வெளிர்மஞ்சளாக ஒரு செடி, வெயில் பட்டால் பொம்மைக் கரடியின் ரோமம் போல மினுங்கும். தொட்டாளா உரசினாளா தெரியாது, கோலிகுண்டைவிடப் பெரிய முள் உருண்டை ஒன்று முன்கையில் ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் விரலால் பிடித்து இழுத்தேன். அது அவள் கையை விட்டு என் விரலில் ஒட்டியது. ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு, உள்ளே போகும்போது சுலபம், வெளியே வரும்போது தோலைத் தூக்கிக்கொண்டு வரும். எதிரே வந்த ஒரு வயதான அம்மா ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து சீப்பை எடுத்தார். உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பின் பல்லை நுழைத்து, வெளிப்பக்கமாக ஒரே வெட்டு. உருண்டை நாலடி தள்ளிப் போய் விழுந்தது. மிச்சமிருந்த ஐந்தாறு முள்ளைச் சின்ன இடுக்கியால் எடுத்தோம்.

அந்தச் செடியின் பெயர் சோயா (Cholla) கள்ளி. 'குதிக்கும் சோயா' என்றும் சொல்வார்கள், குதிப்பதில்லை, தொட்டவுடன் முனை உடைந்து ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். செருப்போடு பாலைவனத்தில் நடக்கவேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம், உதிர்ந்த உருண்டைகள் தரையில் கிடக்கும். சீப்பும் இடுக்கியும் அன்றிலிருந்து எங்கள் வண்டியை விட்டு இறங்கியதில்லை.

போய்ஸ் தாம்ப்சன் தாவரத் தோட்டம்

அதே யூஎஸ் 60-ல் இன்னும் கிழக்கே, சுப்பீரியர் ஊருக்குச் சற்று முன்பு. சுரங்க முதலாளி ஒருவர் 1924-ல் தொடங்கிய தோட்டம், பிக்கெட்போஸ்ட் மலையடிவாரத்தில் இருக்கிறது. நிழலும் பெஞ்சும் நிறைய உண்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களை அழைத்துப்போக இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் இல்லை. என் அப்பா ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். மெஸ்கீட் மரத்தின் கீழ் நின்று, இலையை உருவி, காயை உடைத்துப் பார்த்தார். "ஏம்ப்பா, இது நம்மூருச் சீமைக்கருவேல்ல? இதுக்குப் போய் பேரெழுதிப் பலகை வச்சிருக்காங்க?" என்றார். இரண்டும் ஒரே குடும்பத்து உறவுதான். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் மண்ணுக்குப் போனது, அங்கே கண்மாயை அடைத்துக்கொண்டது. இங்கேயோ மெஸ்கீட் இந்த மண்ணுக்கே உரிய மரம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓதம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அதன் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள், இப்போதும் அந்த மாவு கடைகளில் கிடைக்கிறது. லேசாக வெல்லம் கலந்த வாசம். அப்பா ஒரு பை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்.

தெற்கே

கூலிட்ஜில் காசா கிராண்டே இடிபாடுகள், சான்ட்லரிலிருந்து முக்கால் மணிநேரம். 1350 வாக்கில் களிமண்ணும் சுண்ணமும் கலந்த இறுகிய மண்ணால் எழுப்பிய நான்கடுக்கு வீடு. 1932-ல் போட்ட இரும்புக் கூரை அதை வெயில் மழையிலிருந்து காக்கிறது. மேல் சுவரில் உள்ள ஒரு துளை வழியாகக் கோடையின் நீண்ட பகல் முடியும்போது அஸ்தமன வெளிச்சம் சரியாக வந்து விழும். கட்டியவர்கள் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி இந்தப் பாலைவனத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தவர்கள். நீங்கள் மாலையில் நடக்கப்போகும் நகரக் கால்வாய்களில் சில அந்தப் பழைய தடத்தில்தான் ஓடுகின்றன. அழிந்த நகரத்தின் மேல் எழுந்த நகரம் என்பதால்தான் பீனிக்ஸ் என்ற பெயரே வந்தது. இரண்டு மணிநேரத்தில் பார்த்து முடிக்கலாம். மீதிப் பொழுதில் மேற்கே சுற்றி, மரிகோபாவில் வயல்வெளிகளுக்கு நடுவே இருக்கும் மகா கணபதி கோவிலில் தரிசனம் செய்துவிட்டு வீடு திரும்பலாம். எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமான ஞாயிற்றுக்கிழமை.

டூசான் 115 மைல். சவாரோ தேசியப் பூங்கா இரண்டு துண்டாக நகரத்தின் இரு பக்கமும் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயல வேண்டாம். மேற்குத் துண்டையும் அதன் அருகிலேயே உள்ள அரிசோனா சோனோரா பாலைவன அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் என்று பெயர், உண்மையில் திறந்தவெளி மிருகக்காட்சிசாலையும் தோட்டமும். குளிர்மாதங்களில் ஹாரிஸ் பருந்துகளைப் பறக்கவிட்டுக் காட்டுவார்கள், இறக்கை தலையை உரசுமளவுக்குத் தாழப் பறக்கும். இந்தப் பருந்துகள் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுபவை, பருந்து இனத்தில் அது அபூர்வம். மாலையில் நேரமிருந்தால் டூசானுக்குத் தெற்கே சான் சேவியர் தேவாலயம். 1783-ல் தொடங்கி 1797-ல் முடித்த வெள்ளைக் கட்டடம். டோஹோனோ ஓதம் மக்களின் மண்ணில் அவர்களுடைய வழிபாட்டிடமாக இன்றும் இருக்கிறது. உள்ளே ஜெபிப்பவர்கள் இருப்பார்கள், கோவிலில் நடந்துகொள்வது போல நடந்துகொள்ளுங்கள்.

விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். டூசானுக்குத் தெற்கே ஐ-19 சாலையில் எல்லைக் காவலர்களின் சோதனைச்சாவடி உண்டு. பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவும் கையில் இருக்கட்டும்.

வடக்கே

ஐ-17-ல் போகும்போது கேம்ப் வெர்டே அருகே மான்டெசூமா காசில் தவறவிடக்கூடாத நிறுத்தம். சுண்ணாம்புப் பாறையின் நடுவயிற்றில், தரையிலிருந்து 90 அடி உயரத்தில், ஐந்தடுக்கு இருபது அறை வீடு. சினாகுவா மக்கள் எண்ணூறு தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் கட்டியது. மெக்சிகோவின் அஸ்டெக் அரசர் மான்டெசூமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிற்காலத்தில் வந்தவர்கள் தவறாக வைத்த பெயர். 1951-க்குப் பிறகு மேலே யாரையும் ஏறவிடுவதில்லை, கீழே ஆற்றோரச் சிக்கமோர் மர நிழலில் நின்றுதான் பார்க்கவேண்டும். தள்ளுநாற்காலி போகும் சமமான பாதை.

செடோனா இரண்டு மணிநேரப் பயணம். பாறையிலுள்ள இரும்பு துருவேறிச் சிவந்த மலைகள். அழகைச் சொல்லத் தேவையில்லை, ஐ-17-ஐ விட்டு 179-ல் திரும்பிய சில நிமிடங்களில் வண்டிக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிக்கல் எல்லாம் வண்டி நிறுத்துவதில்தான். காலை எட்டு மணிக்கு முன் போய்ச் சேருங்கள். கதீட்ரல் ராக் பாதையடி நிறுத்துமிடத்தை இலவசப் பேருந்து ஓடும் நாட்களில் மூடிவிடுவார்கள், அன்று பேருந்தில்தான் போகவேண்டும். மற்ற பல இடங்களில் 'ரெட் ராக்' அனுமதிச்சீட்டு, ஒரு நாளுக்கு 5 டாலர், கண்ணாடியில் தெரியும்படி வைக்கவேண்டும். தேசியப் பூங்கா வருடாந்திரச் சீட்டு இருந்தால் இது வேண்டாம். குழந்தைகளோடு என்றால் பெல் ராக் அடிவாரம் போதும். 1956-ல் பாறை இடுக்கில் கட்டிய ஹோலி கிராஸ் தேவாலயத்தின் கண்ணாடிச் சுவர் வழியே பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஞாயிறு மாலை ஐ-17 தெற்கு நோக்கி அடைத்துக்கொள்ளும். இரண்டு மணிக்கு முன் கிளம்புங்கள், இல்லையென்றால் ராச்சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டு ஏழுக்குப் பிறகு கிளம்புங்கள்.

கோடை வந்தால் இன்னும் மேலே. செடோனாவிலிருந்து ஓக் கிரீக் பள்ளத்தாக்கு வழியாகக் கொண்டைஊசி வளைவுகள் ஏறினால் பிளாக்ஸ்டாஃப். 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவல் வானாய்வகம் இங்கேதான். தெருவிளக்குகளைக்கூட வானத்துக்காக அடக்கிவைத்திருக்கும் ஊர், 2001-ல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. இரவு ஒன்பது மணிவரை தங்கி வானத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஓட்டுகிறவர் மதியம் கொஞ்சம் தூங்கியிருக்கவேண்டும். கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பேசன் வழியாக மகியோன் விளிம்பில் உட்ஸ் கேன்யன் ஏரி. 7,500 அடி, படகு வாடகைக்குக் கிடைக்கும், பைன் மரவாசம்.

கிராண்ட் கேன்யன் ஒரே நாளில்?

முடியும். தெற்கு விளிம்பு 230 மைல், போக மூன்றரை மணிநேரத்துக்கு மேல். காலை ஐந்துக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்கு மாதர் பாயிண்ட், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்கே டெசர்ட் வியூ, 1932-ல் கட்டிய கல் கோபுரம், அப்படியே கேமரன் வழியாக பிளாக்ஸ்டாஃப் இறங்கினால் வந்த வழியே திரும்பவேண்டாம். ஓட்ட இரண்டு பேர் இருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். பள்ளத்தாக்குக்குள் இறங்க ஆசை வந்தால் பிரைட் ஏஞ்சல் பாதையில் அரைமணிநேரம் மட்டும். மற்ற மலைகளில் களைத்தபிறகு இறக்கம், இங்கே களைத்தபிறகுதான் ஏற்றம். ஆறு வரை போய் அன்றே திரும்ப ஒருபோதும் முயல வேண்டாம்.

வண்டிக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். வருடத்தில் இரண்டு மூன்று தேசியப் பூங்கா போவீர்கள் என்றால் 80 டாலர் வருடச்சீட்டு லாபம். 2026 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளுக்கு இங்கே கூடுதல் கட்டணம் உண்டு. அப்பா அம்மா வந்திருக்கும்போது போவதாக இருந்தால் பூங்காவின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், உங்கள் அடையாள அட்டையையும் மறக்காதீர்கள்.

ஆண்டலோப் கேன்யன், ஹார்ஸ்ஷூ பெண்ட் ஒரே நாளில் வேண்டாம். ஒருவழிக்கே நாலரை மணிநேரம். ஒரு இரவு தங்கிப் பாருங்கள்.

மழைமாதங்கள்

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே மான்சூன். பிற்பகலில் திடீரென்று புழுதிச்சுவர் எழும்பி வரும், ஹபூப் என்பார்கள். ஐ-10-ல் டூசான் போகும் வழியில் அதிகம். மாட்டிக்கொண்டால் செய்யவேண்டியது: தார்ச்சாலையை விட்டு முழுக்க ஓரம் இறங்குங்கள், நிறுத்துங்கள், கைப்பிரேக் போடுங்கள், காலைப் பிரேக்கிலிருந்து எடுங்கள், அபாய விளக்கு உட்பட எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் நீங்கள் சாலையில் போய்க்கொண்டிருப்பதாக நினைத்து வந்து மோதிவிடுவார். பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருங்கள், அநேகமாக அரைமணிக்குள் கடந்துவிடும்.

வெள்ளம் இன்னும் மோசம். காய்ந்த மணல் ஓடைகளை இங்கே 'வாஷ்' என்பார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும், எட்டு மைல் மேலே பெய்த மழை காட்டாறாக வந்து நிற்கும். 2017 ஜூலையில் பேசன் அருகே ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தில் பத்துப் பேர் அப்படித்தான் போனார்கள். மேலே கருமேகம் தெரிந்தால் ஓடையிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் கால் வைக்காதீர்கள். சாலையில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள். தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டினால் மீட்புச் செலவை உங்களிடமே வாங்கச் சட்டம் இருக்கிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு, முதல் மழை வரும் மாலையில் வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள் என்றும் சொல்வேன். மின்னல் ஓய்ந்தபிறகு அருகிலிருக்கும் பாலைவனப் பூங்காவுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறங்கள். கிரியோசோட் என்ற சின்ன இலைப் புதர் எங்கும் நிற்கும். ஒரு கொத்தைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். நம்மூர் மண்வாசனை மண்ணிலிருந்து வருவது, இங்கே மழைவாசம் வருவது இந்த இலையிலிருந்து.